திறந்த மடலும் மூடிய ஏடும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்தில் வத்திராயிருப்பு வண்டிக்காகக் காத்திருந்த ஒரு மாலையில், பால்கோவாக் கடை வாசலில் இருவர் பேசிக்கொண்டது நம் காதில் விழுந்தது. “நம்ம பால்கோவாவுக்குப் பேட்டண்ட் வாங்கியாச்சு. இனிமே வேற ஊர்க்காரன் ஒருத்தனும் பால்கோவா கிண்ட முடியாது” என்றார் ஒருவர். மற்றவர் பெருமையோடு தலையசைத்தார்.

அவர்கள் பெருமையில் பிழையில்லை, சொல்லில்தான் பிழை. 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குக் கிடைத்தது புவிசார் குறியீடு. அது பெயருக்கான காவல். மதுரைக்காரர் தாராளமாகப் பால்கோவா கிண்டலாம். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பெயர் சூட்டத்தான் இயலாது. பேட்டண்ட் எனப்படும் காப்புரிமை வேறு வகை. அது ஒரு புதிய பொருளுக்கோ செய்முறைக்கோ, அதைக் கண்டறிந்தவருக்கு, குறித்த காலத்துக்கு மட்டும் அளிக்கப்படும் தனியுரிமை. பால்கோவா எப்போது தோன்றியது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் தாத்தா காலத்தைக் காட்டுவார்கள். தாத்தா காலத்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, கிடைக்கவும் கூடாது.

ஆனால் தாத்தா காலத்துப் பொருளுக்கும் ஒருவர் காப்புரிமை பெற்றுவிட்டால்? அது நடந்திருக்கிறது. அந்த வரலாற்றையும், அது மகாராஜபுரத்தில் ஒரு வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்ந்த விதத்தையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. திறந்த மடல்

‘பேட்டண்ட்’ என்ற சொல்லின் மூலம் இலத்தீன். அதன் பொருள் ‘திறந்த’ என்பது. இடைக்கால ஐரோப்பாவில் அரசர்கள் இருவகை மடல்கள் விடுத்தனர். ஒன்று, மடித்து முத்திரையிட்டு ஒருவர் மட்டுமே பிரித்துப் படிக்க வேண்டிய மூடிய மடல். மற்றொன்று, முத்திரை கீழே தொங்க, எவரும் படிக்கலாம் என்று விரித்தபடியே விடப்பட்ட திறந்த மடல். பட்டம், பதவி, நிலம், தனியுரிமை ஆகியவற்றை அரசர் வழங்கியது இந்தத் திறந்த மடலால்தான். நம் மன்னர்கள் கொடைகளையும் ஆணைகளையும் கோயில் சுவரில் வெட்டுவித்ததை இதனோடு ஒப்பிடலாம். கொடை ஒருவருக்கு, அறிவிப்பு ஊருக்கு.

1474இல் வெனிஸ் நகரம் புதிய கருவிகளைச் செய்து காட்டுவோர்க்குப் பத்தாண்டு உரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. 1624இல் இங்கிலாந்தின் தனியுரிமைச் சட்டம், அரசர் தம் விருப்பம்போல் வேண்டியவர்க்கு ஏகபோகம் அளிப்பதைத் தடுத்து, புதிய கண்டுபிடிப்புக்கு மட்டும் பதினான்கு ஆண்டு என வரையறுத்தது. காலப்போக்கில் இதன் உள்ளே ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. ‘உன் இரகசியத்தை முழுவதுமாக எழுதி எல்லோரும் படிக்கும்படி வெளியிடு, அதற்குக் கைம்மாறாகச் சில காலம் அதை நீ மட்டும் பயன்படுத்திக்கொள். காலம் முடிந்ததும் அது ஊர்ச்சொத்து’ என்பதே அவ்வொப்பந்தம். இன்று அக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு.

தமிழில் நாம் இதைக் ‘காப்புரிமை’ என்கிறோம். நல்ல சொல்லே, எனினும் ஒப்பந்தத்தின் ஒரு பாதியை மட்டுமே அது சொல்கிறது. காத்தல் இருக்கிறது, திறத்தல் இல்லை. காப்புரிமை ஆவணம் என்றால் பூட்டி வைத்த இரகசியம் என்று நம்மில் பலர் எண்ணுவதற்கு இச்சொல்லும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது.

இந்தியாவுக்கு இது வந்த வரலாறு சுவையானது. 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி 6ஆம் எண் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு மார்ச்சு 3ஆம் நாள் கல்கத்தாவைச் சேர்ந்த பொறியாளர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் முதல் விண்ணப்பத்தை அளித்தார். அவர் கண்டறிந்தது பங்கா இழுக்கும் பொறி. வெள்ளைக்காரத் துரைமார் தலைக்கு மேல் அசையும் துணி விசிறியை வெளியே அமர்ந்து நாள் முழுவதும் கயிற்றால் இழுத்துக்கொண்டிருந்த கூலியாளின் வேலையை அப்பொறி செய்யும் என்பது அதன் சாரம். இந்நாட்டின் அறிவுசார் சொத்து வரலாறு இழுப்பவனின் வியர்வையிலிருந்து தொடங்குகிறது. ஆனால் ஆவணத்தில் அவன் பெயர் இல்லை. பிரித்தானிய முடியின் ஒப்புதலின்றி இயற்றப்பட்டது என்பதால் அச்சட்டம் அடுத்த ஆண்டே நீக்கப்பட்டு, 1859இல் மாற்றங்களுடன் மீண்டும் வந்தது. 1911இல் வந்த சட்டம் விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது.

விடுதலை பெற்ற நாட்டுக்குப் பொருந்தும் சட்டம் எது என ஆராய 1957இல் நியமிக்கப்பட்டவர் நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து பின்னர் உச்சநீதிமன்றம் சென்றவர். 1959இல் அவர் அளித்த அறிக்கையே 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம். 1972 ஏப்ரல் 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் பொருளின்மீது காப்புரிமை இல்லை, செய்முறைமீது மட்டுமே உண்டு என்ற அதன் விதி, 2005 வரை இந்திய மருந்துத் தொழில் வளரவும் மருந்து விலை குறையவும் பெரிதும் காரணமாயிற்று.

2. மஞ்சள்

இனி மஞ்சளுக்கு வருவோம். 1995 மார்ச்சு 28 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 5,401,504 என்ற எண்ணுள்ள காப்புரிமையை வழங்கியது. பெற்றது மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம். கண்டறிந்தோராகக் குறிக்கப்பட்ட இருவரும் இந்திய வம்சாவளியினர். கோரிக்கை இதுதான்: புண் ஆறுவதற்கு மஞ்சள் தூளைப் போதிய அளவு கொடுத்தல்.

இதை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் சிரிப்பு வரும். பிறகு சினம் வரும். முழங்காலில் அடிபட்டு வந்த பிள்ளைக்கு மஞ்சள் வைக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரம், புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்து நாடெங்கும் அனுப்புகிறது. அத்தறிகளில் கை கிழிந்தாலும் முதலில் தேடுவது அடுக்களை மஞ்சளைத்தான்.

ஆனால் சினத்தோடு நின்றுவிட்டால் நாம் கற்பது ஒன்றுமில்லை. அந்த ஆவணத்தை எடுத்துப் படித்தால் வியப்பான ஒன்று தெரிகிறது. இந்தியாவில் மஞ்சள் சுளுக்குக்கும் வீக்கத்துக்கும் நெடுங்காலமாக மரபு மருந்தாகப் பயன்பட்டு வருகிறது என்பதை அவ்வாவணமே தொடக்கத்தில் ஒப்புக்கொள்கிறது! அப்படியிருந்தும் உரிமை வழங்கப்பட்டது எவ்வாறு?

விடை அந்நாட்டுச் சட்டத்தில் இருந்தது. ஒரு கண்டுபிடிப்பு புதியதா என்று பார்க்க, அதற்கு முன் உலகுக்குத் தெரிந்திருந்தவை அனைத்தையும் ஒப்பிட வேண்டும். இதை ‘முன்னறிவு’ எனலாம். 2013 மார்ச்சில் மாற்றம் நடைமுறைக்கு வரும்வரை, அமெரிக்கச் சட்டம் இம்முன்னறிவை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. அமெரிக்காவுக்குள் என்றால் மக்கள் அறிந்ததும் பயன்படுத்தியதும் சான்றாகும். வெளிநாடு என்றால் அச்சிட்ட வெளியீட்டிலோ காப்புரிமையிலோ இருந்தால்தான் சான்று. கோடிக்கணக்கான தாய்மார்கள் பிள்ளைகளின் முழங்காலில் வைத்த மஞ்சள், அச்சேறாதவரை, அச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள்.

எனவே அதை எதிர்க்கப் புறப்பட்ட அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் செய்ய வேண்டியிருந்தது முழக்கமன்று, தேடல். ஆர்.ஏ. மஷேல்கர் தலைமையில் இருந்த அம்மன்றம் 1996 அக்டோபரில் மறு ஆய்வு கோரியது. அதனுடன் 32 சான்றுகளை வைத்தது. அவற்றுள் நூறாண்டுக்கு மேற்பட்ட நூல்களும் இருந்தன. 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றும் இருந்தது. 1997 ஆகஸ்டில் காப்புரிமைக் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. வளரும் நாடொன்றின் மரபறிவைக் காட்டி அமெரிக்கக் காப்புரிமை ஒன்று வீழ்த்தப்பட்ட நிகழ்ச்சியாக இது உலகெங்கும் பேசப்பட்டது.

வேம்பின் கதை வேறு வழியில் சென்றது. வேப்பெண்ணெயால் பயிர்களின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. 1995இல் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்ப்பு மனு அளித்தனர். ஐரோப்பியச் சட்டத்தில் முன்பயன்பாடு உலகின் எந்த மூலையில் நடந்திருந்தாலும் கணக்கில் வரும். ஆகவே இந்தியாவிலிருந்து அபய் பட்கே என்ற தொழிற்சாலை மேலாளர் மியூனிக் நகருக்குச் சென்று, அதே போன்ற எண்ணெயைத் தாம் முன்பே தயாரித்ததை நேரில் சாட்சியாகச் சொல்ல முடிந்தது. 2000 மே மாதம் காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடு 2005 மார்ச்சு 8 அன்று தள்ளுபடியானது. எதிர்ப்பு தொடங்கிப் பத்தாண்டு!

இரு வழக்குகளிலும் வென்றது பழமை மட்டுமன்று. பழமையை நாள் குறித்து நிறுவ முடிந்ததே வென்றது.

3. நிகண்டும் வகைப்பாடும்

இத்தகைய ஆவணங்களைத் தேடுவது வழக்கறிஞர் வேலை என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டண்ட்ஸ்கோப், கூகுள் பேட்டண்ட்ஸ், இந்திய அலுவலகத்தின் தேடுதளம் ஆகிய நான்கும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. மேற்சொன்ன மஞ்சள் காப்புரிமையின் எண்ணை இட்டால் அது முழுமையாக நம் கண்முன் வரும்.

எண் தெரியாதபோதுதான் சிக்கல். தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய நண்பன் துணைக்கு வருகிறான்: நிகண்டு. மஞ்சளைத் தேடுபவர் மஞ்சள் என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பினால், அரிசனம், காஞ்சனி, நிசி, பீதம் என்று அதே பொருளைச் சொல்லும் ஏடுகளைத் தவறவிடுவார். ஆங்கில ஆவணங்களிலும் அப்படியே. டர்மரிக் என்று தேடியவருக்குக் குர்குமா லோங்கா என்ற தாவரவியல் பெயரில் எழுதியவரோ, குர்குமின் என்ற வேதிப்பெயரில் எழுதியவரோ அகப்படமாட்டார்.

இதற்குத் தீர்வாக வந்ததே பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாடு. 1971இல் ஸ்ட்ராஸ்பர்க் உடன்பாட்டால் அமைந்தது. திவாகரம் சொற்களைத் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் எனப் பன்னிரு தொகுதிகளாகப் பகுத்ததுபோல், இது தொழில்நுட்பம் அனைத்தையும் எட்டுப் பெரும்பிரிவுகளாகப் பகுக்கிறது. ஏ61கே 36 என்பது தாவரங்களிலிருந்து பெறும் மருந்துகளுக்கான பிரிவு. அதனுள்ளே 36/9066 மஞ்சள் இனத்துக்கு உரியது. எந்த மொழியில் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும், முறையாக வகைப்படுத்தப்பட்ட ஆவணம் இக்குறியீட்டின் கீழ் வந்து நிற்கும். வகைப்பாட்டுக் குறியீடும் பெயர்ச்சொற்களும் சேர்ந்த தேடலே முழுமையானது.

ஆவணம் கிடைத்தபின் எதைப் படிப்பது? பலரும் தலைப்பைப் படித்துவிட்டுப் பதறுகிறார்கள். ‘வேம்புக்குக் காப்புரிமை’ என்று செய்தி வரும். உள்ளே பார்த்தால் ஒரு குறிப்பிட்ட கலவையைக் கெடாமல் வைக்கும் முறை மட்டுமே இருக்கும். உரிமையின் எல்லையைக் கூறுவது இறுதியில் வரும் கோரிக்கைகள் பகுதி. நிலப்பத்திரத்தில் நான்கெல்லை எப்படியோ அப்படி. ஆகையால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அடுத்து நாள். எந்த நாளுக்கு முன் வெளிப்பட்டவை முன்னறிவாகக் கொள்ளப்படும் என்பதை முன்னுரிமை நாளே தீர்மானிக்கும். மூன்றாவது நிலை. விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதத்தில் வெளியாகிவிடும், வெளியானதெல்லாம் வழங்கப்பட்டதாகாது. வழங்கப்பட்டதும் ஆண்டுக்கட்டணம் கட்டாமல் காலாவதியாகியிருக்கலாம். இம்மூன்றையும் பாராமல் எழுதப்படும் ‘திருடிவிட்டார்கள்’ கட்டுரைகள் நம் பக்கத்து நியாயத்தையே வலுவிழக்கச் செய்கின்றன.

மஞ்சள் தந்த பாடத்தில் இந்திய அரசு 2001இல் மரபறிவு எண்ம நூலகத்தைத் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம், யோகம் ஆகியவற்றின் நூல்களிலிருந்து மருந்து முறைகளை எடுத்து, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் ஆய்வாளர்கள் தேடத்தக்க வடிவில் அமைத்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட முறைகள் அதில் உள்ளன. 2009 முதல் ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் ஒப்பந்த அடிப்படையில் அதைப் பார்க்கின்றன. தமிழ்ச் சித்த நூல்களும் இவ்வழியே மியூனிக் ஆய்வாளரின் மேசைக்குச் சென்றிருக்கின்றன. ஆனால் அங்கே சென்றவை பெரும்பாலும் அச்சேறிய நூல்கள். அச்சேறாதவை?

4. மூடிய ஏடு

மகாராஜபுரம் சதுரகிரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சுந்தர மகாலிங்கத்தைக் காண மலையேறும் கூட்டம் அந்தப் பக்கமாகத்தான் போகும். காலாங்கி நாதரும் கோரக்கரும் உலவிய மலை என்பது மரபு. மூலிகைகளின் மலை என்பது கண்கூடு. அவ்வூரில் நம்மிடம் படித்த மாணவர் ஒருவரின் தாத்தா வைத்தியம் பார்த்தவர். எண்பதைக் கடந்த பின்னும் ரணத்துக்கு எண்ணெய் காய்ச்சித் தருவார். அவரிடம் ஒரு கட்டு ஏடும், தம் தந்தை கைப்பட எழுதிய இரண்டு நோட்டுகளும் இருந்தன. ஏட்டின் சில பகுதிகளை நாம் படித்துச் சொல்ல வேண்டும் என்று மாணவர் அழைத்ததால் சென்றோம்.

சித்த மருத்துவ ஏடுகளைப் புரட்டியவர் அறிவர். எழுத்து படிந்துவிடும், பொருள் படியாது. பரிபாஷை என்னும் குழூஉக்குறியில் எழுதுவது அவர்கள் வழக்கம். தகுதியற்றவன் கையில் மருந்து நஞ்சாகும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். திறந்த மடலுக்கு நேரெதிரான மரபு இது. அங்கே வெளியிட்டால் உரிமை. இங்கே மறைத்தால்தான் மருந்து. ஊர்தோறும் இருந்த இந்த மூடிய ஏடுகளுக்குத் திறவுகோல் தேடித்தான் டி.வி. சாம்பசிவம் பிள்ளை தம் வாழ்நாளைச் செலவிட்டு மாபெரும் மருத்துவ அகராதியைத் தொகுத்தார்.

பேச்சினிடையே மஞ்சள் வழக்கைச் சொன்னோம். பெரியவர் கூர்ந்து கேட்டார். பிறகு, “வாத்தியாரய்யா, இதச் சொன்னா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான், சொல்லாட்டி எங்கூடயே போயிரும். எது பரவாயில்ல, நீங்களே சொல்லுங்க” என்றார்.

எளிய விடை நம்மிடம் இல்லை. சட்டம் சொல்வதைச் சொன்னோம். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மரபறிவாக உள்ளது எதற்கும் இந்தியாவில் காப்புரிமை இல்லை. அவருக்கும் இல்லை, அயலாருக்கும் இல்லை. உள்ளூர்ச் சமூகத்திடம் வாய்மொழியாக இருக்கும் அறிவுகூட ஒரு விண்ணப்பத்தை எதிர்ப்பதற்கு இங்கே காரணமாகும்; வழங்குமுன் எவரும் எதிர்க்கலாம். அதே 2002இல் வந்த பல்லுயிர்ச் சட்டப்படி, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழியாகவே இந்நாட்டு உயிரினம் சார்ந்த கண்டுபிடிப்பு எதுவும் காப்புரிமைக்குச் செல்ல வேண்டும். ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கையும், மரபறிவு எங்கிருந்து பெறப்பட்டது என்பதை விண்ணப்பதாரர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது.

இதே மலைத்தொடரின் தெற்கே, அகத்தியமலையில் நடந்ததையும் சொன்னோம். 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டச் சென்ற காணி இனத்து இளைஞர்கள் களைப்பு தெரியாமல் மலையேறினர். அவர்கள் மென்ற காய் ஆரோக்கியப் பச்சை என்னும் செடியினுடையது. அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும் இரண்டு விழுக்காடு உரிமைத்தொகைக்கும் அது வழங்கப்பட்டது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. உலகம் பாராட்டிய முன்மாதிரி. எனினும், அந்த அறிவு எல்லோருக்கும் உரியது, அதைச் சொல்ல அவ்விளைஞர்களுக்கு அதிகாரம் தந்தது யார் என்று காணிகளிலேயே ஒரு சாரார் கேட்டனர். அக்கேள்வி எந்தச் சட்டப்பிரிவிலும் தீரவில்லை.

எல்லாவற்றையும் கேட்டபின் பெரியவர் ஒன்று கேட்டார்: “அந்த முப்பத்திரண்டு சாட்சியில நம்ம தமிழு ஏடு ஒண்ணாச்சும் இருந்துச்சா?”

சமஸ்கிருதம், உருது, இந்தி என்று வழக்கைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. தமிழின் பெயரை நாம் அவற்றில் காணவில்லை என்றோம்.

அவர் சற்று நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நம்ம மஞ்சள வேற யாரோதான் காப்பாத்தியிருக்காங்க” என்றார்.

அன்று அவர் ஏட்டுக்கட்டைத் தரவில்லை. நோட்டுகளில் ஒன்றை மட்டும் பேரனிடம் கொடுத்து, ரண எண்ணெய் உள்ள பக்கத்தைப் பிரதியெடுக்கச் சொன்னார். குழூஉக்குறி வந்த இடங்களில் நிறுத்தி, அது எந்த மூலிகை என்று தெளிவாகச் சொன்னார், பேரன் எழுதினார். முடிந்ததும் நாள், மாதம், ஆண்டு போடச் சொல்லி, அடியில் நடுங்கும் கையால் தம் பெயரை எழுதினார். தம் தந்தை பெயரையும் எழுதினார். இன்னொரு நோட்டு, முடிச்சு அவிழாமல், மீண்டும் பெட்டிக்குள் போயிற்று.

ஒரு பக்கம் திறந்தது. மற்றவற்றைப் பற்றி அவரை வற்புறுத்தும் உரிமை நமக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் நம் வாசகர்களுள் பலருடைய வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். எதை யாருக்குத் திறப்பது என்பதை அவ்வீட்டாரே முடிவு செய்யட்டும். நாள் எழுதி, பெயர் எழுதி வைப்பதற்கு மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அந்தப் பெட்டியைக் கடைசியாக நாம் எப்போது திறந்து பார்த்தோம்?